பந்தயம் என்னும் ஒற்றைச் சொல்: இப்னுல் கய்யிமும் குதிரைத் திடலும்

தமிழில் 'பந்தயம்' இரு பொருள் தரும் சொல். ஓட்டப் பந்தயம் என்றால் போட்டி. பந்தயம் கட்டினான் என்றால் பணயம். அன்றாடப் பேச்சில் இதனால் பெரிய குழப்பம் நேர்வதில்லை. ஆனால் குதிரைப் பந்தயம் பற்றிய மார்க்கச் சட்டத்தைப் பேச முற்படும்போது இந்த ஒற்றைச் சொல் நம் காலை இடறிவிடுகிறது. அரபியில் ஓடி முந்துவது 'ஸப்க்'. முந்தியவருக்கென வைக்கப்படும் பொருள் 'ஸபக்'. பொருள் வைத்து ஓடும் ஒப்பந்தம் 'ரிஹான்'. சூது 'கிமார்'. நான்கும் நான்கு செய்திகள். நம் மேடைகளில் இந்நான்கும் 'பந்தயம்' என்ற ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டு, ஒரே வரியில் ஹராம் என்று தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகின்றன.

இதற்கு நேர்மாறான இன்னொரு பேச்சும் நம்மிடையே உண்டு. துபாய் ஆட்சியாளரின் குதிரை எப்சம் திடலில் வென்றது என்ற செய்தி வந்தால், உலகத்தின் உயர்குலக் குதிரைகள் யாவும் அரபுக் குதிரைகளின் வழித்தோன்றல்களே என்று பூரிக்கிறோம். கண்டனமும் பூரிப்பும் சில வேளைகளில் ஒரே நாவிலிருந்து வருவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே பொருளை அருகில் சென்று பாராத பேச்சுகள். அருகில் சென்று பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு நூல் இருக்கிறது: இமாம் இப்னுல் கய்யிம் அல்-ஜவ்ஸிய்யா (ரஹ்) (இறப்பு: ஹி. 751 / கி.பி. 1350) எழுதிய 'அல்-ஃபுரூஸிய்யா'. அதனை இன்றைய 'ஸ்டேக்ஸ்' ஓட்டங்களின் அருகில் வைத்து வாசிப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூத், திர்மிதீ, நஸயீ ஆகியோர் பதிவுசெய்துள்ள நபிமொழியே இப்பாடத்தின் அடித்தளம். ஒட்டகம், அம்பு, குதிரை ஆகிய மூன்றில் அன்றி 'ஸபக்' இல்லை என்பது அதன் கருத்து. இங்கே 'ப' என்னும் எழுத்துக்கு ஃபத்ஹ் இட்டு ஓதுவதா, ஸுகூன் இட்டு ஓதுவதா என்பது இலக்கண நுணுக்கம் மட்டுமன்று. ஸுகூன் இட்டால் இம்மூன்றிலன்றிப் போட்டியே கூடாது என்றாகிவிடும். அண்ணலார் (ஸல்) அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடிப் போட்டியிட்டதை அப்போது எங்கே வைப்பது? ஃபத்ஹ் இட்டால், போட்டி பொதுவானது. பரிசுப் பொருள் மட்டுமே இம்மூன்றுக்கு உரியது என்று பொருள் நேராகிறது. ஹதீஸ் விரிவுரையாளர் கத்தாபீ (ரஹ்) இதனையே சரியான வாசிப்பு என்றார். 'பந்தயம் இல்லை' என்று பெயர்த்தால் இந்த வேறுபாடு முழுவதும் கரைந்துபோகிறது.

இந்த நபிமொழியின் வரலாற்றில் சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அப்பாஸியக் கலீஃபா மஹ்தீ புறாப் பிரியர். அவரைக் காண வந்த கியாஸ் இப்னு இப்ராஹீம் என்பவர் இந்நபிமொழியை ஓதி, இறுதியில் சிறகையும் ஒரு சொல்லாகச் சேர்த்துவிட்டார். கலீஃபா அவருக்குப் பரிசளித்து அனுப்பினார். அவர் திரும்பி நடக்கையில், அது பொய்யனின் பிடரி என்று கூறிவிட்டு, அப்பொய்க்குக் காரணமான புறாக்களை அறுத்துவிடப் பணித்தார். ஹதீஸ் கலை நூல்கள் இட்டுக்கட்டலுக்கு எடுத்துக்காட்டாக இதனைச் சொல்லும். என் நோக்கில் இதில் வேறொன்றும் தெரிகிறது. பணயம் வைக்கும் உரிமையை விரிக்க ஒருவர் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்பதையும், அச்சொல்லைச் சேர்க்கச் செல்வந்தரின் அரண்மனை வாசலில் எப்போதும் ஒருவர் காத்திருப்பார் என்பதையும் அது காட்டுகிறது.

பந்தயப் பாடத்தைத் தனி இயலாக முதலில் வகுத்தவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) என்பது அவர்தம் மாணவர் முஸனீயின் சான்று. இமாம் நவவீயின் 'மின்ஹாஜ்' நூலிலும் அது உண்டு. நாங்கள் ஓதிய காலத்தில் அந்தப் பக்கங்களை விரைந்து கடந்தோம். குதிரை எங்கே, நாம் எங்கே என்ற எண்ணம்தான். அங்கே சொல்லப்படுவது இதுதான். ஆட்சியாளரோ வெளியாள் ஒருவரோ பரிசு வைத்தால் கூடும். போட்டியிடும் இருவரில் ஒருவர் மட்டும் வைத்து, 'நீ முந்தினால் உனக்கு, நான் முந்தினால் எனக்கே' என்றாலும் கூடும். இருவரும் வைத்தால் கூடாது. அவர்களுக்கிடையே ஒன்றும் வைக்காத மூன்றாமவர், நிகரான குதிரையுடன் புகுந்தால் அன்றி. அவர் வென்றால் இருவர் பணமும் அவருக்கு. தோற்றால் இழப்பு இல்லை. இவரே 'முஹல்லில்', அதாவது ஆகுமாக்குபவர். அவருடைய குதிரை தோற்றே தீரும் என்று தெரிந்த நோஞ்சானாக இருந்தால் அது வெறும் சட்ட நாடகம். சூது சூதாகவே இருக்கும். இமாம் மாலிக் (ரஹ்) இன்னும் கடுமையானவர். இந்த முஹல்லிலையும் அவர் ஏற்கவில்லை.

இப்னுல் கய்யிம் இங்கேதான் குறுக்கிடுகிறார். முஹல்லில் பற்றிய ஹதீஸை அவர் பிரித்துப் போடும் பக்கங்கள் ஹதீஸ் மாணவர் எவரும் வாசிக்க வேண்டியவை. அதனை ஸுஹ்ரீயிடமிருந்து அறிவிக்கும் ஸுஃப்யான் இப்னு ஹுஸைன், ஸுஹ்ரீயின் அறிவிப்புகளில் வலுவற்றவர். ஸுஹ்ரீயின் உறுதிமிக்க மாணவர்கள் அதனை ஸயீத் இப்னுல் முஸய்யபின் கூற்றாகவே சொல்கின்றனர். ஆகவே அது தாபிஈ ஒருவரின் கருத்தே அன்றி நபிமொழி அன்று என்று நிறுவுகிறார். நபித்தோழர்கள் முஹல்லிலை இடையே நிறுத்தி ஓடியதாகச் சான்றில்லை என்கிறார். இருவரும் பொருள் வைத்து, இருவரும் ஒரேயளவு ஆசையும் அச்சமும் கொண்டு ஓடுவதே நீதிக்கு நெருக்கமானது. எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் வெல்லக்கூடிய மூன்றாமவரைப் புகுத்துவது நீதியாகாது என்பது அவருடைய வாதம். ஆசான் இப்னு தைமிய்யாவின் வழி இது.

இதற்காக அவர் விலையும் கொடுத்தார். ஹிஜ்ரி 746-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் இப்னு கஸீர் இதனைப் பதிவுசெய்கிறார். துருக்கியர் சிலருக்கு இக்கருத்தின்படி அவர் ஃபத்வா அளித்துவந்தார். நான்கு இமாம்களுக்கும் மாறானது என்ற எதிர்ப்பு எழுந்தது. திமிஷ்கின் ஷாஃபிஈ காழி அவரை அழைத்து விசாரித்தார். பெரும்பான்மையோர் கருத்துக்கு உடன்பாடு தெரிவித்ததோடு விவகாரம் முடிந்தது. அந்தக் காழி தகிய்யுத்தீன் ஸுப்கீ (ரஹ்). அந்தத் துருக்கியர் மம்லூக் ஆட்சியின் படைவகுப்பார். குதிரை முதுகே அவர்களின் வாழ்வு. ஆக, இப்னுல் கய்யிமிடம் ஃபத்வா கேட்டு நின்றவர் தாமே குதிரையேறுபவர். இதை நினைவில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம்.

ஆங்கிலேயக் குதிரையோட்டத்தின் தொடக்கம் முஹல்லில் இல்லாத ரிஹான்தான். நியூமார்க்கெட் திடலில் இரு பிரபுக்கள் ஆளுக்கொரு தொகை வைத்து இரு குதிரைகளை ஓடவிடுவர். அதற்கு 'மேட்ச்' என்று பெயர். அன்று உடைமையாளரே ஏறி ஓட்டியதும் உண்டு. இரண்டாம் சார்ல்ஸ் மன்னரே 1671-இல் நியூமார்க்கெட்டில் ஒரு பரிசோட்டத்தைத் தாமே ஏறி வென்றார். பின்னர் இருவர் என்பது பலராயிற்று. ஒவ்வொருவரும் நுழைவுத் தொகை கட்ட, திரண்ட தொகை வென்றவருக்கு. 'ஸ்டேக்ஸ்' என்ற சொல் இதிலிருந்தே வந்தது. 1780-இல் எப்சத்தில் முதல் டெர்பி ஓடியபோது ஒவ்வொரு உடைமையாளரும் ஐம்பது கினி கட்டினார். டயோமெட் என்ற குதிரை வென்றது. இன்றுவரை அதன் முறையான பெயர் 'டெர்பி ஸ்டேக்ஸ்'. நம் சட்டநூலின் சொல்லில் கூறுவதானால், எல்லோரும் ஸபக் வைத்த, முஹல்லில் இல்லாத ஓட்டம். பிற்காலத்தில் திடல் நிருவாகமும் விளம்பரதாரரும் தொகை சேர்க்கத் தொடங்கியதால் அது கலப்பு வடிவம் பெற்றது.

தூய வடிவத்தை நம் காலத்திலேயே பார்த்தோம். 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொடங்கிய பெகாசஸ் உலகக் கோப்பையில் பன்னிரண்டு இடங்கள். ஓர் இடத்தின் விலை பத்து லட்சம் டாலர். பரிசுத்தொகை ஒரு கோடியே இருபது லட்சம். முதல் ஆண்டு அரகேட் என்ற குதிரை வென்றது. அந்த நுழைவுத்தொகை முறை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. மின்ஹாஜின்படி அது சூது, ஐயத்திற்கு இடமில்லை. இப்னுல் கய்யிமின் வாதத்தின்படி? எழுத்துக்கு எழுத்து பார்த்தால் குதிரை இருக்கிறது, இருதரப்பும் வைத்திருக்கிறது, ஆசையும் அச்சமும் சமம். கூடும் என்று சொல்ல ஒருவர் முன்வரலாம். அப்படிச் சொல்பவர் கியாஸைப் போலச் சொல் ஒன்றைச் சேர்க்கவும் தேவையில்லை.

இப்னுல் கய்யிமின் நூலில் நான் காணும் குறை இங்கேதான். முஹல்லிலைத் தகர்ப்பதில் அவர் காட்டிய கூர்மையை, தம் அனுமதி எவருக்கு உரியது என்பதை வரையறுப்பதில் அவர் காட்டவில்லை. அவர் மனத்தில் இருந்தவர் தாமே ஏறுபவர், தாமே பயில்பவர், நாளை களத்தில் நிற்பவர். அறிவின் வீரம், ஆயுதத்தின் வீரம் என்று ஃபுரூஸிய்யாவை அவர் இரண்டாக வகுப்பதும், ரோமர் வெற்றியை முன்னிட்டு அபூபக்ர் (ரலி) இணைவைப்போருடன் பொருள் வைத்ததைச் சான்றாக்குவதும் இந்தப் பின்புலத்தில்தான். பணம் பயிற்சிக்கான தூண்டுகோல் என்பதே அவருடைய அடிப்படை. பத்து லட்சம் டாலர் கட்டிவிட்டுத் தொலைநோக்கியுடன் மாடத்தில் அமர்ந்திருப்பவரை அப்பணம் எதற்குத் தூண்டுகிறது? அவர் காலத்தில் எழாத கேள்வி இது. அவர் நூலை மேற்கோள் காட்டும் நாம் கேட்டாக வேண்டிய கேள்வி.

முஹல்லிலை வலியுறுத்தியவர்களின் அச்சத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. அறியாமைக் காலத்தில் அப்ஸ் குலத்தின் கைஸ் இப்னு ஸுஹைரும் ஃபஸாரா கிளையின் ஹுதைஃபா இப்னு பத்ரும் தாஹிஸ், கப்ரா என்னும் குதிரைகளின் பெயரால் ஒட்டகங்களைப் பணயம் வைத்தனர். வழியில் பதுங்கியிருந்தோர் தாஹிஸின் முகத்தில் அறைந்து அதைத் தடுத்தனர். விளைந்த போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாகச் சொல்வது மரபு. இழப்பீட்டு ஒட்டகங்களைச் சுமந்து சமாதானம் செய்த இருவரைப் பாடியே ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மா தம் முஅல்லகாவை அமைத்தார். முஹல்லில் ஒருவர் இருந்திருந்தால் அந்த வஞ்சகம் நடந்திராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபுறமும் பொருள் வைத்தால் வெறுப்பு எவ்வளவு எளிதில் உள்ளே நுழைகிறது என்பதை அரபுகள் நூலில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

இதுவரை உடைமையாளரைப் பற்றிப் பேசினோம். வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டும் ஆயிரக்கணக்கானோர் எங்கே வருகிறார்கள்? எந்த மத்ஹபின் எந்த வாசலிலும் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் ஓடவும் இல்லை, ஓட்டவும் இல்லை, குதிரை வளர்க்கவும் இல்லை. இங்கே நம் நாட்டுத் தீர்ப்பு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடைசெய்யத் தமிழக அரசு 1974-இல் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டு, 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரையோட்டம் பெரிதும் திறன் சார்ந்தது; ஆகவே சூதாட்டமாகாது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் மரபு, முந்தைய ஓட்டங்கள், ஜாக்கியின் தகுதி ஆகியவற்றை ஆய்ந்து பணம் கட்டுபவர் திறன் காட்டுகிறார் என்பது அதன் போக்கு. நீதிமன்றம் கேட்ட கேள்வி: திறனா, தற்செயலா? நம் சட்டவறிஞர்கள் கேட்ட கேள்வி: பொருளை வைத்தவர் யார், எதற்காக? இரண்டும் வெவ்வேறு. கணிப்பில் வல்லவர் என்பதற்காக ஒருவர் இழப்புக்கும் ஆதாயத்துக்கும் இடையே நின்று பிறர் பணத்தை எடுப்பது ஆகுமாகிவிடாது. 'நீதிமன்றமே சூதில்லை என்றுவிட்டதே' என்று கேட்கும் நம் இளைஞருக்கு ஹராம் என்ற ஒற்றைச் சொல்லைத் திருப்பிச் சொல்வதால் பயனில்லை. இவ்விரு கேள்விகளின் வேறுபாட்டை விளக்க வேண்டும்.

இனி, நம் பூரிப்புக்கு வருவோம். இன்றைய தரோபிரெட் குதிரைகளின் தந்தைவழி மூன்று ஆண்குதிரைகளில் முடிகிறது என்பது யாவரும் அறிந்தது: பயர்லி துருக்கி, டார்லி அரபி, கொடால்ஃபின் அரபி. இவற்றுள் டார்லி அரபி ஹலப் நகரில் வாங்கப்பட்டு 1704 வாக்கில் இங்கிலாந்து சென்றது. தோல்வியே காணாத எக்லிப்ஸ் அதன் வழியில் 1764-இல் பிறந்தது. ஆனால் அரபிகளின் சொந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தோமா? இருபுறமும் அரபியான குதிரை 'அதீக்'. தந்தை அரபி, தாய் வேறு என்றால் 'ஹஜீன்'. குதிரைகளுக்கு வம்சாவளி எழுதிய ஹிஷாம் இப்னுல் கல்பீ இன்று வந்தால், ஆங்கிலேயத் தாய்வழி கொண்ட தரோபிரெட்டை ஹஜீன் பட்டியலில்தான் சேர்ப்பார். வளைகுடா நாளிதழ்களும் அதனைக் 'கலப்பின உயர்குலக் குதிரை' என்னும் பொருள்பட அந்த வேர்ச்சொல்லாலேயே குறிக்கின்றன! 2020-இல் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வொன்று, தரோபிரெட்டின் மரபணுத் தொகுதியில் அரபுக் குதிரையின் பங்களிப்பு குறிப்பிடத்தக்க அளவில் தென்படவில்லை என்று முடிவு கூறியது. பெயரில் அரபி இருப்பதால் இரத்தத்திலும் அரபி பெருகியிருக்கும் என்பது நம் ஊகமே.

பரிசுப் பணத்தைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். 1996-இல் தொடங்கிய துபாய் உலகக் கோப்பைத் திடலில் பணம் கட்டும் சாளரங்கள் இல்லை. வெல்லும் குதிரைகளைக் கட்டணமின்றிக் கணித்துப் பரிசு பெறும் ஏற்பாடு மட்டும் உண்டு. பரிசை நடத்துபவரே தருகிறார். 'வெளியாள் வைக்கும் ஸபக்' என்ற முதல் வாசலில் அது நுழைந்துவிடுகிறது. இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் அதே ஓட்டத்தின் மீது பிற நாடுகளின் பந்தய அலுவலகங்களில் பணம் குவிகிறது. அதே உடைமையாளர்களின் குதிரைகள் ஆண்டு முழுவதும் ஓடும் பிரிட்டனிலோ நிலை வேறு. அங்கே 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி, பந்தயம் வாங்கும் நிறுவனங்களின் வருவாயிலிருந்து ஒரு பங்கு திரட்டப்பட்டுக் குதிரையோட்டத்துக்குத் தரப்படுகிறது. பரிசுத்தொகையின் ஒரு பகுதி அதிலிருந்து வருகிறது. அங்கே பரிசு வைக்கும் 'வெளியாள்' சூதாட்டக் கடைக்காரரும்தான். மின்ஹாஜின் முதல் வாசலை மட்டும் ஓதிவிட்டு நகர்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

கடைசியாக ஜாக்கி. நம் நூல்கள் குதிரையின் பெயரைக் காத்த அளவுக்கு ஏறியவரின் பெயரைக் காக்கவில்லை. முந்தி வரும் பத்துக் குதிரைகளுக்கும் முஜல்லீ, முஸல்லீ என்று தொடங்கி ஸுகைத் வரை தனித்தனிப் பெயர் வைத்த மொழி அது. (முன்னதன் பின்புறத்தை ஒட்டி வருவதால் இரண்டாவது முஸல்லீ, தொழுகையாளியைக் குறிக்கும் அதே சொல்.) குதிரையை ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்யும் முறைக்குத் 'தழ்மீர்' என்று பெயர். முதலில் நன்கு தீனியிட்டு, பிறகு அளவைக் குறைத்து, போர்வை போர்த்தி அடைத்து வியர்க்கவிட்டுச் சதையை இறுக்குவது.

இங்கிலாந்தில் இந்தத் தழ்மீர் மனிதனுக்குச் செய்யப்பட்டது. குதிரை சுமக்க வேண்டிய எடை ஓட்டத்துக்கு ஓட்டம் விதிக்கப்படுவதால், ஏறுபவர் தம் உடலைக் கரைத்தாக வேண்டும். எக்லிப்ஸ் காலத்து அரச பரிசோட்டங்களில் நான்கு மைல் தொலைவை, ஏறுபவரும் சேணமுமாக 168 பவுண்டு சுமந்து குதிரைகள் ஓடின. வளர்ந்த ஆணுக்கு அது இயல்பான எடை. பின்னர் இளங்குதிரைகளும் குறுந்தொலைவும் வழக்கமாகி, எடை சரிந்தது. 1857-இல் பிறந்த ஃப்ரெட் ஆர்ச்சர் 1874 முதல் 1886 வரை தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள் முதன்மை ஜாக்கி, வெற்றிகள் 2,748, டெர்பி ஐந்து முறை. ஐந்தடி பத்தங்குல உயரமுள்ள அவர் பட்டினியாலும் பேதி மருந்தாலும் துருக்கிக் குளியலின் வெப்பத்தாலும் தம்மைச் சுருக்கிக்கொண்டார். 1886 நவம்பரில், காய்ச்சலில் நினைவு தடுமாறிய நிலையில், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். வயது 29. ஒன்பது டெர்பி வென்ற லெஸ்டர் பிகாட்டும் (1935–2022) உயரத்தின் பொருட்டு வாழ்நாள் முழுவதும் அரைப்பட்டினியில் இருந்தவரே. வாகையர் பட்டியலை வாசிக்கும் நாம் இந்த எடைக் கணக்கை வாசிப்பதில்லை.

நம் வீட்டிலும் இக்கணக்கு உண்டு. வளைகுடா ஒட்டக ஓட்டங்களில் எடை குறைவு என்பதற்காகவே ஏழை நாடுகளின் சிறுவர் ஏற்றப்பட்டனர். ஐக்கிய அரபு அமீரகம் 2005-இல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் ஏறுவதைச் சட்டத்தால் தடுத்தது. அவர்கள் இடத்தில் சிறு எந்திரங்கள் வந்தன. ஒட்டகம் நபிமொழியின் மூன்றில் ஒன்று, பரிசு ஆட்சியாளருடையது, ஆகவே ஸபக் ஆகுமானது. அந்த ஓட்டங்களை ஸபக்கின் கணக்கில் மட்டும் பார்த்த எவருக்கும் ஒட்டகத்தின் முதுகில் இருந்த குழந்தை தெரிந்திருக்காது. ஓடும் குதிரையைப் பின்னிருந்து கூச்சலிட்டு விரட்டும் 'ஜலப்' கூடாது என்று நபிமொழி தடுத்திருப்பதை ஓதுகிறோம். பிரிட்டனில் 2023 முதல் சமதள ஓட்டத்தில் சவுக்கை ஆறு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்ற விதி வந்ததைக் கண்டு, இது நம்முடையதல்லவா என்றும் மகிழலாம். விலங்குக்கு இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய பாடத்தில், ஏறுபவரின் உடலுக்கென ஓர் இயல் எழுதப்படவில்லை. இப்னுல் கய்யிமும் எழுதவில்லை. அவர் காலத்தில் ஏறுபவர் கூலிக்காரர் அல்லர் என்பது அதற்கு விளக்கமாகலாம். நமக்கு அது சாக்காகாது.

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள அறிவிப்பொன்றில், தழ்மீர் செய்த குதிரைகளை அண்ணலார் (ஸல்) ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதாஃ வரையும், செய்யாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓடவிட்டதாக இப்னு உமர் (ரலி) சொல்கிறார். முதலாவது ஐந்தாறு மைல், இரண்டாவது ஒரு மைல். பயிற்சி பெற்றவற்றையும் பெறாதவற்றையும் கலந்து ஓடவிடவில்லை. ஏறியவர்களுள் தாமும் ஒருவர் என்று சொல்லும் அந்த இளைஞர், முஸ்லிமின் ஓர் அறிவிப்பில், தாமே முந்தி வந்ததாகவும், குதிரை நிற்காமல் தம்மோடு பள்ளிவாசலையும் தாண்டிப் பாய்ந்துவிட்டதாகவும் கூறுகிறார். என்ன பரிசு கிடைத்தது என்று அதில் அவர் சொல்லவில்லை.